நீ தவறவிட்ட பந்துக்கு நான் தட்டிய கை

பிள்ளை,

டென்மார்க்கின் சில்க்போர்க் மாநகரத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பூப்பந்துப் பேரரசரும், ஏரிக்கரை முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியை ஒற்றைக் கையால் ஆளும் சக்கரவர்த்தியும், விளையாட்டு மண்டபத்துக் கன்ரீனில் 'சாத்திரியார்' என்று முடிசூட்டப்பட்டவருமான உன் அப்பா, அந்தக் கிரீடங்களை எல்லாம் கழற்றிக் கீழே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கழற்றிய பிறகு தலையில் மிச்சம் ஒன்றும் இல்லை. முடிகூட இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ சிரிப்பாய் என்று நினைத்துத்தான் இந்த வரியை முதலில் வைத்தேன். இனி வரப்போவதைப் படித்துவிட்டு நீ சிரிக்கமாட்டாய்.

உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. அன்றைக்கு மணவறையில் அம்மா நீர் வார்க்க, நான் உன் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்கவேண்டும். தாரை வார்க்கிற அந்த ஒரு நிமிடத்துக்காக நீ பிறந்த நாளிலிருந்து ஒத்திகை பார்த்து வந்திருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் படத்தில் வயிறு தெரியாது என்பதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் இப்போது அதை நினைத்தாலே என் கைகளைச் சட்டைப்பைக்குள் ஒளிக்கவேண்டும் போல இருக்கிறது. இந்தக் கைகள் என்ன செய்தன என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் அந்தக் கையில் உன் கையைத் தராதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை எங்கள் பூப்பந்துக் கழகத்து ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெருமை பேசியது பத்துப் பேர் முன்னிலையில். வெட்கப்படுவது மட்டும் தனியறையில் என்றால் அது என்ன நியாயம்? ஆனாலும் முதல் பிரதி உனக்கு. நீ வேண்டாம் என்றால் மலரில் அந்தப் பக்கம் வெறுமையாக வரும். அதையும் பேசி வைத்திருக்கிறேன். உன் பெயரையோ நீ படித்த கல்லூரியின் பெயரையோ எங்கும் எழுதவில்லை. உன் கல்லூரிச் சிநேகிதியை 'கேட்டி' என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். உன்னை ஒருமுறை சந்தையில் கொண்டுபோய் வைத்தது போதும்.

நீ பிறக்கும்போதே ஆறடி உயரம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். தாதி உன்னைத் தொட்டிலில் மடித்துத்தான் வைத்தாள் என்றும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பன்னிரண்டு வயதில்தான் நீ திடீரென்று அம்மாவைத் தாண்டினாய். உன் கையில் பூப்பந்து மட்டையைத் தந்து என் பேரரசுக்கு வாரிசாக்க ஆசைப்பட்டேன். நீயோ அதே மண்டபத்தின் மூலையில் தொங்கிய வளையத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு கிழமைக்கு மூன்று நாள் ஹோர்சன்ஸ் நகரம் வரைக்கும் கூடைப்பந்துப் பயிற்சிக்கு ஓட்டம். வேலை முடிந்து, உடுப்பு மாற்றாமல், உன்னை ஏற்றிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் சந்திரனுக்குப் போய் அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கலாம். நீ உள்ளே பயிற்சி எடுக்கும்போது நான் காருக்குள் சீற்றைச் சாய்த்துவிட்டு நித்திரை கொள்வேன். திரும்பி வரும்போது நீ டேனிஷில் கதைப்பாய், நான் தமிழில் கதைப்பேன். இருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒரு போட்டிக்கு முன் நீ காரிலிருந்து இறங்காமல் இருந்தது நினைவிருக்கிறதா? பதினான்கு வயது உனக்கு. இண்டைக்கு நான் விளையாடேல்லை என்றாய். நான் உன் இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துக்கொண்டு, முதியோர் இல்லத்தில் கிழவிகளுக்குச் சொல்வதைச் சொன்னேன். "ஸ்டில ஓ ரோலி." அமைதியாக, ஆறுதலாக. டேனிஷில் எனக்கு ஒழுங்காக உச்சரிக்க வருகிற ஒரே வசனம் அதுதான். நீ "அப்பா, நான் என்ன எண்பது வயசுக் கிழவியோ?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனாய். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அதைச் சொல்வது வழக்கமாயிற்று.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி உனக்கு இடம் தந்து, படிப்பும் தந்து, தங்கள் அணியிலும் சேர்த்துக்கொண்டபோது அந்த வழக்கம் தொலைபேசிக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு மதியம் ஆட்டம். எனக்கு இங்கே ஏழு மணி. ஐந்து மணிக்கு நீ எடுப்பாய். நான் மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள்கள் நிற்கிற கூரைக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். "கால் எப்படி? சாப்பிட்டியோ? முதல் ஐந்து பேரில நிக்கிறியோ?" என்று கேட்பேன். நீ எல்லாவற்றையும் சொல்வாய். இன்றைக்குப் பயிற்சியாளர் ஆறுதலாகத் தொடங்கச் சொன்னார், உயரமான பிள்ளைக்குக் கால் சுளுக்கு, அவள் பின்னால்தான் வருவாள் என்று ஒன்றுவிடாமல் சொல்வாய். கடைசியில் நான் "ஸ்டில ஓ ரோலி" என்பேன். நீ "ஓம், கிழவர்" என்பாய். பிறகு நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவேன். அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் இதைவிடச் சுத்தமான ஒரு விஷயம் இந்த உலகத்தில் இருந்ததில்லை. இதில் மட்டும் மிகைப்படுத்தல் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் கழகத்துக் குகனண்ணை கன்ரீன் மேசைக்கு அந்தச் சந்தையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தம்பியின் கணக்கு. கைபேசித் திரையில், உன் அணியின் ஆட்டத்துக்கும் ஒரு கேள்வி இருக்கும்: இந்த அணி முதல் பத்து நிமிடத்தில் பதினெட்டுப் புள்ளி எடுக்குமா? 'ஓம்' என்பதற்கு ஒரு விலை, 'இல்லை' என்பதற்கு ஒரு விலை. ஆட்கள் எந்தப் பக்கம் கூடுகிறார்களோ அந்தப் பக்கத்து விலை ஏறும். நாங்கள் சொல்வதை அவர் தம்பிக்கு எழுதுவார்; தம்பி அங்கே வாங்குவான்.

"அண்ணை, இது சூதெல்லோ?" என்று நான் கேட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்காக எனக்குப் புண்ணியம் ஏதும் கிடைத்திருந்தால் அதை உன் பெயருக்கு எழுதிவிடு.

"சூதோ? ஆர் சொன்னது? இது சந்தையடாப்பா," என்றார் அவர். "தமிழ்க் கடையில முருங்கைக்காய் விலை ஏறி இறங்குதெல்லோ, அது சூதோ? இது அறிவுக்கு விலை. தெரிஞ்சவன் வெல்லுவான்."

தெரிந்தவன்! அந்தச் சொல் என் காதில் நாதஸ்வரமாக ஒலித்தது. முப்பது வருஷமாக இந்த நாட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் ஆட்கள் எனக்கு விளங்கப்படுத்தி வந்திருக்கிறார்கள். கொமூன் என்கிற நகரசபையில் இருந்து வரும் கடிதத்தை நீ ஏழு வயதில் எனக்கு வாசித்துச் சொன்னாய். இப்போது, உலகத்தில் உள்ள கோடானுகோடிப் பேரில், அந்தக் கல்லூரியின் பெண்கள் அணி முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்யும் என்று எனக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. கண்ணை மூடினேன். விரல் கணுக்களை எண்ணினேன். "வியாழன் மறைஞ்சு நிக்குது. தொடக்கம் மந்தம். பதினெட்டு வராது," என்றேன். வரவில்லை. அடுத்த ஞாயிறு, "சுக்கிரன் உச்சம், போடுவினம்," என்றேன். போட்டீர்கள். மூன்றாம் ஞாயிறு குகனண்ணை எழும்பிக் கதிரையைத் துடைத்து, "சாத்திரியார் இருக்கட்டும்," என்றார்.

உனக்கு இது வெறும் பகிடியாகத் தெரியலாம். என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் கதிரை துடைத்தது அதுதான் முதல் தடவை. நான் கன்ரீனுக்குள் வந்தால் மேசை அமைதியாகும். எனக்குக் கோப்பி முதலில் வரும். கிரகங்கள் என் வாய் பார்த்துச் சுற்றின என்றே வைத்துக்கொள். ஐந்து மணிக்குக் காருக்குள் நீ சொன்னதை ஆறு மணிக்கு உள்ளே நான் விண்வெளிச் செய்தியாக வாசித்தேன். "கால் எப்படி?" என்று கேட்கும்போது என் குரலில் பாதி அப்பா, பாதி சாத்திரியார். அந்தப் பாதி எப்போது முக்காலாகியது என்று எனக்கே தெரியாது. நீ சொன்ன சுளுக்கைக் கேட்டு "ஐயோ" என்று சொல்லிக்கொண்டே மனதுக்குள் 'இல்லை' பக்கத்துக்குச் சாய்ந்திருக்கிறேன்.

நீ என்னை எச்சரிக்காமல் இல்லை. அணியின் உள்விஷயம் எதையும் பந்தயம் கட்டுபவர்களுக்குச் சொல்லமாட்டோம், எங்கள் வீட்டுக்காரரும் சொல்லமாட்டார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கையெழுத்து வைக்கிறோம் என்று நீ சொல்லியிருந்தாய். "அதாவது அப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சைன் பண்ணியிருக்கிறன்," என்றாய். "ஓமோம், நான் ஆருக்குச் சொல்லப்போறன்?" என்றேன். அப்போது நான் மூன்று ஞாயிறாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு நீ வழமையை விட முன்னதாக எடுத்தாய். குரல் சின்னதாக இருந்தது.

"அப்பா, ஆட்டம் தொடங்கேக்க கை நடுங்குது. முதல் பத்து நிமிசம் பந்து என்ர கையில நிக்குதில்லை. போன மூண்டு ஆட்டமும் இப்படித்தான். கோச்சுக்குச் சொல்லேல்லை. கேட்டிக்குத்தான் தெரியும். இப்ப உங்களுக்கும்."

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். ஸ்டில ஓ ரோலி. நீ "ஓம், கிழவர்," என்றாய். அன்று என் பங்கில் ஒழுங்காக நடந்தது அதுவரைக்கும்தான்.

உள்ளே போனால் என் அரசாங்கம் ஆடிக்கொண்டிருந்தது. நான் வழமைபோல் விரல் எண்ணி "இண்டைக்குப் பதினெட்டு வராது," என்றேன். குகனண்ணை முதல் தடவையாக மறுத்துத் தலையை ஆட்டினார்.

"சாத்திரியார், இந்த முறை உம்மட கிரகம் பிழைக்கும். எதிரணி படு மோசம். உம்மட பிள்ளை வேற நல்லா விளையாடுறாள். எல்லாரும் 'ஓம்' எண்டுதான் வாங்குறாங்கள்."

"நான் சொல்லுறன், வராது."

"சும்மா கதைவிடாதையும். என்ன, வியாழன் வந்து உமக்கு நேர சொன்னவரோ?"

மேசை முழுக்கச் சிரித்தது. ஒரு சிரிப்புத்தான், பிள்ளை. பத்துப் பேர், பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, வேர்வை காயாத உடுப்போடு சிரித்த ஒரு சின்னச் சிரிப்பு. அதைத் தாங்க எனக்குப் பலம் இருக்கவில்லை. கதிரை போய்விடும் என்று பயந்தேன்.

"வியாழன் இல்லை, அவளே சொன்னவள்," என்றேன். "கை நடுங்குதாம். முதல் பத்து நிமிசம் பந்து கையில நிக்காதாம். கோச்சுக்கே தெரியாது."

குகனண்ணை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தம்பிக்கு எழுதத் தொடங்கினார். "எனக்கும் 'இல்லை' ஒண்டு போடுங்கோ," என்றேன். அந்தச் சொல்லும் என் வாயில் இருந்துதான் வந்தது.

ஏழு மணிக்கு ஆட்டத்தைக் கன்ரீன் தொலைக்காட்சியில் போட்டார்கள். நீ முதல் பந்தைத் தவறவிட்டாய். இரண்டாவதும் போகவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து நிமிடம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது உங்களுக்குப் பதினாறு புள்ளி. இன்னும் ஒரு பந்து விழுந்தால் பதினெட்டு. பந்து உன் கைக்கு வந்தது. உன்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. நீ எறிந்தாய். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு அரைச் சுற்று. அந்த ஒன்றரைச் சுற்றுக்குள் நான் என்ன நினைத்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். 'வெளியில விழு' என்று நினைத்தேன். முழு மனதோடு நினைத்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தபோது கோயிலில் நின்று எவ்வளவு மனதோடு கேட்டேனோ அவ்வளவு மனதோடு.

வெளியில் விழுந்தது. மேசை எழும்பிக் கூத்தாடியது. நானும் எழும்பினேன். கை தட்டினேன். தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கி, உலகக் கிண்ணம் வென்றவன் மாதிரித் தட்டினேன். அப்போது திரையில் உன்னைக் கிட்டக் காட்டினார்கள். நீ உன் வலக்கையை விரித்து, அதை யாரோ ஒருவருடைய கை மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அம்மா அன்று ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு வந்திருந்தாள். வாசலில் நின்று திரையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சத்தம் போடவில்லை. கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேட்க, "இஞ்சருங்கோ, ஆருக்குக் கை தட்டுறியள்?" என்று கேட்டாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு குகனண்ணை எல்லாருக்கும் சிவப்புச் சொசேஜ் வாங்கித் தந்தார். நான் என் பங்கைச் சாப்பிட்டேன். எழுத மனம் வரவில்லை என்றாலும் எழுதுகிறேன்: கடுகுச் சோஸ் இன்னும் கொஞ்சம் தாருங்கோ என்றும் கேட்டேன்.

அடுத்த நாள் நீ அழுதுகொண்டு எடுத்தாய். குகனண்ணையின் தம்பி, தான் வாங்கிய கையோடு, அந்தச் சந்தைக்காரர்கள் கதைக்கிற இணையப் பக்கத்தில் உன் சட்டை இலக்கத்தைப் போட்டு, கை நடுங்குகிறவள், நம்பி வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறான். 'ஓம்' வாங்கித் தோற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உனக்கே எழுதத் தொடங்கினார்கள். முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேர். 'ஏய் நடுங்கி, வீட்டுக்குப் போ' என்று எழுதினவர்கள்தான் அதற்குள் நல்லவர்கள். பயிற்சியாளருக்கும் தெரிந்து, அடுத்த இரண்டு ஆட்டமும் உன்னை வெளியில் இருத்தினார்.

"நான் ரெண்டு பேருக்குத்தான் சொன்னனான்," என்றாய். "கேட்டிக்கும் உங்களுக்கும். அப்பா, நீங்கள் ஆருக்கும் சொன்னீங்களா?"

அப்போது நான் முதியோர் இல்லத்தில் துணி அடுக்குகிற அறைக்குள் நின்றேன். கையில் மடித்த துவாய்கள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு அளவு நேரம் இருந்தது.

"சிவசத்தியமா இல்லை, பிள்ளை."

"அப்ப அவள்தான்," என்றாய் நீ. உன் குரலில் அழுகை நின்றுவிட்டது. நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் அதைத் திருத்தாமல் துவாய்களை அடுக்கினேன். கேட்டியை எனக்குத் தெரியும். மூன்று வருஷம் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். உனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மல்லித்தண்ணி அவித்துத் தந்தவள். மல்லி எது, சீரகம் எது என்று அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அவளை அன்று நான் ஒரு வசனத்தால் உன் வாழ்க்கையில் இருந்து வெளியே எடுத்துப் போட்டேன். அந்தக் கிழமையே நீ அறை மாறினாய்.

அதற்குப் பிறகும் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தாய். "கால் எப்படி?" என்றால் "நல்லா இருக்கு." "கை?" என்றால் "நல்லா இருக்கு, அப்பா." என்னில் சந்தேகப்பட்டு அல்ல, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று நீ படித்துக்கொண்டாய். அதைப் படிப்பித்தவன் நான். நான் கன்ரீன் மேசைக்குப் போகாமல் விட்டேன். முழங்கால் நோ என்று சொன்னேன். குகனண்ணை வாசலில் கண்டு, "சாத்திரியார், கோவமோ?" என்று கேட்டார். "கிரகம் ஒண்டும் இப்ப என்னோட கதைக்கிறதில்லை அண்ணை," என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

என் தொழில் என்ன என்று நீயே சொல்லு. எங்கள் இரண்டாம் மாடியில் ஒரு கிழவி இருக்கிறாள். கோப்பையைப் பிடித்தால் கோப்பி பாதி மேசையில்தான். ஒவ்வொரு நாளும் காலையில் நான் அவள் கையை என் கையால் பொத்திப் பிடித்து, கோப்பையை அவள் வாய்வரைக்கும் கொண்டுபோவேன். அவள் நடுங்குவதை வெளியில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். அவளுடைய மகன் வந்தால் அவனுக்கு முன்னால் கோப்பையைப் பாதிக்குத்தான் நிரப்புவேன், அவளுக்கு வெட்கமாக இருக்கக்கூடாது என்று. முன்பின் தெரியாத ஒரு டேனிஷ்க் கிழவிக்கு நான் காத்த மானத்தை என் சொந்தப் பிள்ளைக்குக் காக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கையைப் பிடிக்கும்போதெல்லாம் திரையில் நீ விரித்துப் பார்த்த கைதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

படிப்பு முடிந்து நீ இப்போது இருக்கிற ஓகூஸ் நகரத்தில் இருந்து போன மாதம் வந்து, எங்கள் குசினி மேசையில் அழைப்புப் பட்டியல் எழுதினாய். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "கேட்டியின்ர பெயர் எங்க?" என்று கேட்டாள். நீ பேனையை வைத்துவிட்டு, "அவள் வேண்டாம், அம்மா. எனக்கு இனி அப்படிச் சிநேகிதம் ஒண்டும் தேவையில்லை," என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு நீங்கள் காணும், அது போதும்," என்றாய். நான் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது கரைந்து விழுந்துவிட்டது. நீ சிரித்தாய்.

நீ பேருந்து ஏறிய பிறகு அம்மா சொன்னாள், "இவ்வளவு நாளும் நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன். தாரை வார்க்க முதல் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் தண்ணி ஊத்தமாட்டன்."

உன் அம்மா மிகைப்படுத்திப் பேசுகிறவள் அல்ல. அந்தத் துறை வீட்டில் என்னிடம்தான் இருக்கிறது.

முதலில் கேட்டிக்கு எழுதினேன். மொழிபெயர்க்கிற செயலியும் நானும் சேர்ந்து ஒரு பகல் முழுக்க எழுதிய ஆங்கிலம். என்ன செய்தேன், என்ன பொய் சொன்னேன் என்று முழுவதையும் எழுதினேன். திட்டி எழுதுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் சுகமாக இருக்கும் என்றும் நினைத்தேன். நான்காம் நாள் பதில் வந்தது. அதை என் தமிழில் தருகிறேன்.

"எனக்கு அன்றைக்கே தெரியும். அவள் இரண்டு பேருக்குத்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மிச்சம் நீங்கள்தான். அவளிடம் அதைச் சொல்லப் பல தடவை வாய் திறந்தேன். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அவள் கட்டிலில் இருந்து உங்களோடு கதைப்பதைப் பார்த்திருக்கிறேன். மொழி விளங்காது. கதைத்து முடிந்ததும் அவளுடைய கை கொஞ்ச நேரம் நடுங்காது. அதை அவளிடம் இருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு வர எனக்கு விருப்பம்தான். ஆனால் அவள் கூப்பிட்டால்தான் வருவேன். நீங்கள் கூப்பிட்டு அல்ல."

இதை வாசித்துவிட்டு, சில்க்போர்க் மாநகரத்துப் பேரரசர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. உன்னைக் காப்பாற்றியவள் நீ துரத்தியவள். உன்னை விற்றவன், எனக்கு நீங்கள் காணும் என்று நீ சொன்னவன்.

கலியாணத்துக்கு அப்பாமார் புத்தி சொல்வது வழக்கம். என் கையில் சொல்ல இருப்பது கொஞ்சம்தான், அதுவும் களவாகச் சம்பாதித்தது. உன் மாப்பிள்ளை ஒரு நாள் தனக்குள் நடுங்குகிற ஒன்றை உனக்குச் சொல்வான். நீயும் அவனுக்குச் சொல்வாய். அது உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும்போது ஒரு சின்ன விஷயம். சிரிக்க வைக்கிறதுக்காகவோ, கெட்டிக்காரி என்று பெயர் எடுக்கிறதுக்காகவோ அதை வெளியே எடுத்துப் போகாதே. நல்ல மனிதர்கள்தான் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். உனக்காகக் கதிரையும் துடைப்பார்கள். அந்த நேரம் உன் அப்பாவை நினைத்துக்கொள். எனக்குப் பயன்படாத புத்தி உனக்காவது பயன்படட்டும். இன்னொன்று: ஒருவருக்கும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று நீ என்னால் படித்ததை மறந்துவிடு. கேட்டிக்குச் சொன்னது பிழை இல்லை. என்னிடம் சொன்னதும் உன் பிழை இல்லை.

மணவறைக்கு நான் வரலாமா என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும். உன் மாமாவிடம் பட்டு வேட்டியை அயர்ன் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டார். எனக்கு முதுகு நோ என்றேன். பார், இதிலும் ஒரு பொய். அதையும் திருத்திவிடுகிறேன். நீ அவரைத்தான் நிற்கச் சொன்னால் நான் பந்தியில் நின்று சாம்பார் வாளி தூக்குவேன். ஒருவரிடமும் ஒரு காரணமும் சொல்லமாட்டேன். நீ என்னை நிற்கச் சொன்னால் என் கை நடுங்கும். மண்டபம் முழுக்கப் பார்க்கட்டும். எனக்கு அது வரவேண்டியதுதான்.

இதை வாசித்து முடித்ததும் என்னை எடுக்காதே. முதலில் கேட்டியை எடு. அங்கே பகலாக இருக்கிற நேரம் பார்த்து எடு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், மல்லித்தண்ணியில் தொடங்கு.

என்னைப் பற்றிப் பிறகு யோசி. ஞாயிறு ஐந்து மணிக்கு நான் மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள் கூரைக்குப் பக்கத்தில், காருக்குள் இருப்பேன். மட்டை கொண்டுவரமாட்டேன். உள்ளே போகமாட்டேன். நீ எடுத்தால் கால் எப்படி, கை எப்படி என்று ஒன்றும் கேட்கமாட்டேன். நீ சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு இருப்பேன். நீ எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் அங்கேதான் இருப்பேன்.

அப்பா